விஜயராஜ் அத்தான் பயந்த விதம்

கோவில்பட்டியில், தீக்குச்சிக்கு மருந்து முக்கும் இடத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை பார்க்கும் மனிதர் தெருநாயைக் கண்டால் நடுங்குவார் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். என் அத்தான் விஜயராஜைப் பார்த்தவர்கள் நம்புவார்கள். நாய்க்குப் பயம். இடிக்குப் பயம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் போலீஸ்காரர் உட்கார்ந்துவிட்டால், எடுத்த டிக்கெட்டைக் கையில் பிடித்தபடியே ஊர்வரைக்கும் வருவார். பேங்கில் கையெழுத்துப் போடச் சொன்னால் விரல் நடுங்கும், பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகாது, திரும்பப் போடச் சொல்வார்கள். அதற்கும் பயப்படுவார்.

நான் செண்பகராஜ். அவர் பெண்டாட்டி பொன்மணி என் கூடப்பிறந்த அக்கா. எனக்கு மணியாச்சி ஜங்ஷனில், ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் வேலை. வாய் எனக்குக் கொஞ்சம் நீளம், அதை நான் மறைக்கவில்லை. அத்தானைக் கேலி செய்யாமல் அவர் வீட்டில் நான் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை. வேதாகமத்தில் எத்தனையோ இடத்தில் 'பயப்படாதே' என்று இருக்கிறது. "உங்க ஒருத்தருக்காகத்தான் அத்தான் ஆண்டவரு அத்தனை தடவ சொல்லியிருக்காரு" என்பேன். அவர் கோபப்பட மாட்டார். "அப்படித்தான் இருக்கும் மாப்ள" என்று காப்பியை ஆற்றிக்கொண்டிருப்பார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் என்போம். அவர் வேலை பார்க்கிற ஆபீஸில் அவர் இருக்கிற பகுதியில் மட்டும் ஒருநாளும் தீப்பிடித்ததில்லை. மணல் வாளி நிறைந்திருக்கிறதா என்று போகும்போதும் பார்ப்பார், வரும்போதும் பார்ப்பார். யாராவது செருப்பைத் தேய்த்து நடந்தால் முகம் வெளுத்துவிடும். பயந்தாங்கொள்ளி என்று சிரித்த பெண்களே அவர் பக்கம் உட்காரத்தான் இடம் கேட்பார்கள்.

எல்லாப் பயத்துக்கும் மேலே ஒரு பயம் மகனைப் பற்றியது. ஜெபசிங் ஒரே பிள்ளை. பன்னிரண்டாவது முடிக்கும்வரை பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய் விட்டவர் அத்தான். பையனுக்கு மீசை முளைத்தபின்பும் விட்டார், அவன் கூட்டாளிகள் பின்னால் நின்று சிரிப்பார்கள். அதற்கப்புறம் படிப்பு ஏறவில்லை. லைசென்ஸ் எடுத்து, ஒரு மொத்த வியாபாரிக்கு லோடு ஆட்டோ ஓட்டப் போனான். கோவில்பட்டியில் சாமான் ஏற்றி, விளாத்திகுளம், புதூர்ப் பக்கத்துக் கிராமத்துக் கடைகளில் இறக்குகிற வேலை. காலையில் வண்டி கிளம்புமுன் அத்தான் அதன் முகப்பில் உள்ளங்கையை வைத்து, உதடு மட்டும் அசைய, ஜெபம் பண்ணுவார். பையன் ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கிப் பார்ப்பான். அவர் கையை எடுத்தால்தான் வண்டி நகரும்.

போன தை மாதம், பொங்கல் கழிந்த வாரம் அது நடந்தது.

எங்கள் கரிசல் காட்டில் தை பிறந்தால் ரோடு களமாகிவிடும். பறித்த உளுந்தஞ்செடியைத் தார்ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ், லாரி, கார் எல்லாம் மேலே ஏறிப் போகப் போகக் காய் உடைந்து உளுந்து உதிரும். சட்டப்படி தப்பு. இருந்தாலும் எல்லாரும் செய்கிறார்கள், எந்த டிரைவரும் கேட்டதில்லை. ஒதுங்கிப் போகிறவனைத்தான் செடி போட்ட சம்சாரிகள் திட்டுவார்கள், "ஏத்திட்டுப் போனா என்னவே, டயரா தேஞ்சிரும்?" என்று. ஜெபசிங்குக்கு அந்தச் செடிமேல் ஏறிப்போவது பிடிக்கும். மொறுமொறுவென்று சத்தம் வரும் என்பான்.

அன்றைக்குப் பொழுது அடைகிற நேரத்தில், புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வெளியே, அப்படிப் பரப்பியிருந்த செடிமேல் அவன் வண்டி ஏறியது. ஊர்ப்பெயர் வேண்டாம். வண்டி தூக்கிப் போட்டது. அவன் நிற்காமல் வந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை. மறுநாள் வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் வழக்கம்போல் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். அக்கா வீட்டில் அது தப்பாது. பாட்டுப் பாடி, ஆளுக்கொரு வசனம் வரிசையாக வாசித்து, கடைசியில் அத்தான் ஜெபம் பண்ணுவார். அக்கா வாசித்து முடித்தாள். அடுத்து பையன் முறை. புத்தகம் மடியில் கிடக்கிறது, அவன் வாயைத் திறக்கவில்லை. கண்ணு தெரியலையா, லைட்டப் போடவா என்று அக்கா கேட்டிருக்கிறாள். அவன் செல்போனை எடுத்து அப்பாவிடம் நீட்டினான். அடையாளம் தெரியாத வாகனம் மோதி ஒரு பெண் படுகாயம் என்று புதூர்ப் பக்கத்துச் செய்தி.

"நாந்தான்ப்பா" என்றான். "செடிக்குவியல்னு நெனச்சேன். செடி இல்ல."

அந்தப் பெண்ணின் பெயர் முத்துமாரியம்மாள். ஐம்பது வயதுக்கு மேல். ரோட்டில் செடியை ஆடு மேயாமல் பார்த்துக்கொண்டிருந்தவள், இடுப்பு வலிக்கிறதென்று குவியலோரம் சாய்ந்து, முந்தானையை முகத்தில் போட்டுப் படுத்திருந்திருக்கிறாள். இரண்டு காலும் நொறுங்கிப் போயிற்று.

அக்கா எனக்குப் போன் பண்ணினாள். அழுகைதான் கேட்டது, பேச்சுக் கேட்கவில்லை. டூட்டியை மாற்றிவிட்டு ஓடினேன். போனதும் ஒரு தாய்மாமன் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். வண்டியைக் கழுவச் சொன்னேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற கூட்டாளிக்குப் பேசினேன், பையனை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரயிலில் ஏற்றுவதாக ஏற்பாடு. பார்த்த சாட்சி யாருமில்லை, வண்டி நம்பர் யாருக்கும் தெரியாது, நாலு மாசத்தில் எல்லாம் ஆறிப்போகும். அக்கா தலையை ஆட்டினாள். அத்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன அத்தான், சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல மாப்ள, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல" என்றார்.

அடுத்து நான் செய்தது தேவையில்லாத வேலை. என்னோடு மணியாச்சியில் வேலை பார்க்கிற இசக்கிபாண்டிக்குப் புதூர்ப் பக்கம் சொந்தம் உண்டு. அவனுக்கு வாட்ஸப்பில் ஒரு குரல் வந்திருந்தது. முத்துமாரியம்மாளின் மூத்த மகன் சங்கிலிப்பாண்டி பேசியது. நிலபுலம் உள்ள குடும்பம், கோபக்காரன் என்று பேர் வாங்கியவன். இவர்கள் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று அதை நான் வீட்டில் போட்டுக் காட்டினேன்.

"எங்கம்மைய ஏத்துனவன் எவனா இருந்தாலும் சரி, எந்தச் சாதிக்காரனா இருந்தாலும் சரி. கண்டுபிடிச்சு அவன் ரெண்டு காலையும் எடுக்கலன்னா எம்பேரு சங்கிலிப்பாண்டி இல்ல."

பையன் பின்கட்டுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தான். அத்தான் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். மத்தியான நேரம் அது, வெயில் கொளுத்துகிறது. ஜன்னலையும் சாத்தினார்.

அந்த வாரம் முழுக்க அந்த வீடு இருந்த இருப்பைச் சொல்லி முடியாது. தெருவில் மோட்டார் சைக்கிள் நின்றால் பேச்சு நிற்கும். கரண்ட் ரீடிங் எடுக்க ஆள் வந்தான். கதவைத் தட்டிய சத்தத்தில் அக்கா மகனைக் குளியலறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டாள். அத்தானுக்குக் காய்ச்சல் வந்தது, பேதியும் போயிற்று. நான் வீராதி வீரன் இல்லை. ஜங்ஷனில் எவனாவது என்னை உற்றுப் பார்த்தால் புதூர்க்காரனோ என்று எனக்கும் நெஞ்சு அடிக்கத்தான் செய்தது.

பையனைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. வாயாடிப் பயல், அரட்டைக்காரன். இப்போது கட்டிலின் மூலையில், தொடைக்கு நடுவில் கையைச் செருகிக்கொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்க் கட்டிலில் அவன் அப்பாவும் அதே மாதிரி. ஒரு பாத்திரம் விழுந்தால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோள் தூக்கிப் போடும். அத்தான் அதைப் பார்த்தார். நெடுநேரம் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் ஜெபத்துக்கு முழங்கால் போட்டவர் கட்டிலில் தலையை முட்டிக்கொண்டே கிடந்தார் என்று அக்கா சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு, எங்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், திருவிருந்து. வீட்டோடு இருங்கள் என்றேன். வராவிட்டால் நாலு பேர் கேட்பார்கள் என்றாள் அக்கா. போனோம்.

திருவிருந்துக்குப் பந்தி பந்தியாக எழுந்து போய், ஆல்டருக்கு முன்னால் முழங்கால் போட்டு அப்பமும் ரசமும் வாங்க வேண்டும். யார் எழுந்தார்கள், யார் எழவில்லை என்று சபை முழுக்கத் தெரியும். மனதில் ஒன்றை ஒளித்துவைத்துக்கொண்டு அந்தப் பந்திக்குப் போகக்கூடாது என்பது எங்களுக்குச் சிறுவயதிலேயே சொல்லி வளர்த்தது. ஆனால் நடைமுறையில் எல்லாரும் போவோம். ஒருத்தன் எழாமல் உட்கார்ந்துவிட்டால் மறுநாள் தெரு பூராவும் அந்தப் பேச்சுத்தான்.

எங்கள் வரிசை எழுந்தது. நான் எழுந்தேன், பையன் எழுந்தான். அத்தான் எழவில்லை. பையன் ஒரு அடி வைத்தபோது அவன் சட்டையின் பின்பக்கத்தை எட்டிப் பிடித்து இழுத்தார்.

"உக்காருல."

மெதுவாகத்தான் சொல்ல நினைத்திருப்பார். பழக்கமில்லாத தொண்டை, கோயில் முழுக்கக் கேட்டுவிட்டது. முன்னால் போனவர்கள் திரும்பினார்கள். அப்பம் கொடுத்துக்கொண்டிருந்த ஐயர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். குருவானவரை எங்கள் சபையில் ஐயர் என்றுதான் அழைப்போம். அப்பாவும் மகனும் காலியான பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தானின் கழுத்தில் வேர்வை ஓடியது. சட்டையை அவர் விடவே இல்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் என்னிடம் வந்தார்.

"மாப்ள, நான் புதூர்ப் பக்கம் போறேன். இவனையும் கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்கு, வெட்டு வாங்கவா?"

"வெட்டுனாலும் வெட்டுவாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோயில் வளாகம் என்றும் பார்க்காமல் கத்தினேன். கிறுக்கா பிடித்திருக்கிறது, பார்த்தவன் ஒருத்தனும் இல்லை, ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று என்றேன். சரி, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டுமென்றால் முதலில் ஒரு வக்கீலைப் பார்ப்போம் என்றேன்.

"வக்கீலு நல்லாப் பேசுவாரு மாப்ள. நாம சொல்ல வேண்டியத மட்டும் சொல்ல விடமாட்டாரு."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்புள்ளையச் சாகக் குடுக்கப் போறீயளா?"

"அவன் முன்னால போகமாட்டான், பொன்மணி. முன்னால நான் போறேன்" என்றார் அத்தான்.

நான் அவர்களோடு போனது தைரியத்தால் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட ஓர் ஆள் வேண்டாமா, அதற்காக.

பஸ் எட்டயபுரம் தாண்டியது. இரண்டு பக்கமும் அறுத்த காடு, கரிசல் வெடித்துக் கிடந்தது. ரோட்டில் இன்னும் சில இடங்களில் செடி பரப்பியிருந்தார்கள். பஸ் அதன்மேல் ஏறும்போதெல்லாம் பையன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அத்தான் ஓரமாகப் போய்க் குடலைப் பிடுங்குகிற மாதிரி வாந்தி எடுத்தார். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு நின்றவரின் முகம் சாம்பலாக இருந்தது.

பையன் கேட்டான், "அப்பா, திரும்பிருவோமா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நான் பார்த்தேன். கோவில்பட்டி பஸ் எதிரிலேயே நின்றிருந்தது.

"திரும்பிட்டா நாளைக்கும் இதே பயம், நாளன்னைக்கும் இதே பயம். எனக்குப் பழகிப்போச்சு. ஒனக்கு வேண்டாம்ல" என்றார். அதற்குப் பிறகு புதூர் பஸ்ஸில் ஏறிவிட்டோம்.

ஊருக்குள் நுழைந்தபோது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆண்கள் எல்லாரும் ஊரில் இருந்தார்கள். கடை முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட மூன்று அசலூர்க்காரர்கள். முத்துமாரியம்மாள் வீடு எங்கே என்று அத்தான் கேட்டார். ஒருவர் எழுந்து வந்து கையைக் காட்டினார். எங்களுக்குப் பின்னாலேயே நாலைந்து பேர் நடந்து வந்தார்கள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அத்தான் திரும்பவில்லை, திரும்பினால் ஓடிவிடுவோம் என்று பயந்தாராம். வழியில் ஒரு செவலை நாய் குரைத்துக்கொண்டு காலுக்கிட்டே வந்தது. சாதாரண நாளாக இருந்தால் அத்தான் அடுத்த தெருவில் இருந்திருப்பார். அன்றைக்கு மகனை இடப்பக்கம் தள்ளிவிட்டு அந்த நாய்க்கும் அவனுக்கும் நடுவில் நடந்தார்.

பெரிய வீடு. வாசலில் டிராக்டர், தலையோடு கால் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் உளுந்தஞ்செடி அம்பாரமாகக் கிடந்தது, அடிக்காமல், பூசணம் பிடித்து. ஒரு ஆள் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழிக்காத தாடி. ஆள் வாட்டசாட்டம், ஆனால் வாரக்கணக்கில் தூங்காதவன் மாதிரி இருந்தான். அவன்தான் சங்கிலிப்பாண்டி. அவன் பெண்டாட்டி பாண்டிச்செல்வி நடையில் நின்று, "யாரு வேணும்?" என்றாள்.

நான் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டேன். ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அத்தான் கும்பிட்டார். "அண்ணாச்சி, நாங்க கோவில்பட்டியில இருந்து வாரோம். எம்பேரு விஜயராஜ், தீப்பெட்டி ஆபீஸ்ல வேல பாக்குதேன். இது எம்மவன். உங்க அம்மா மேல ஏறுனது இவன் ஓட்டுன வண்டிதான்."

கசப்பு மருந்தைக் கண்ணை மூடி விழுங்குகிற மாதிரி ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களில் ஒருவன், "எலேய்!" என்றான். சங்கிலிப்பாண்டி தலையைத் தூக்கினான். புரியாதவன் மாதிரிப் பார்த்தான். பிறகு எழுந்து வந்து ஜெபசிங்கின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். அத்தான் இருவருக்கும் நடுவில் புகுந்தார். புகுந்த வேகத்தில் அவன் ஓங்கிய கை அவர் கன்னத்தில் விழுந்து, மூக்குக்கண்ணாடி தெறித்து டிராக்டருக்கு அடியில் போயிற்று. அவர் கால் நடுங்கிய நடுக்கத்தில் வேட்டி காற்றடித்ததுபோல் ஆடியது. ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.

"என்னைய அடிங்க அண்ணாச்சி. இவன் நிக்காம ஓடி வந்துட்டான். ஓடுறதுக்குக் கத்துக்குடுத்தவன் நாந்தான். பொறந்ததுல இருந்து இவன் என்கிட்ட வேற என்னத்தப் பாத்தான்?"

கூட்டம் நெருங்கியது. முடிந்தது கதை என்று நினைத்தேன். ஆனால் சங்கிலிப்பாண்டி அடுத்த அடி அடிக்கவில்லை. அவன் குரல் மாறிவிட்டது.

"எப்ப?" என்றான் பையனிடம். "எந்நேரம் நீ அங்கன வந்த?"

"பொழுது அடையப் போற நேரம்."

"நான் டிராக்டர்ல செடி அடிச்சுக்கிட்டு இருந்தனே, பாத்தியா?"

"பாத்தேன். நீங்க அங்கிட்டுக் கடைசியில திரும்பப் போயிக்கிட்டு இருந்தீங்க."

"நான் தாண்டிப் போனதுக்குப் பொறவா நீ ஏத்துன?"

"ஆமா."

"அது எப்படித் தெரியும் ஒனக்கு?" கத்தினான். "நீ ஏத்துறதுக்கு முன்னாலயே எங்கம்மை அடிபட்டுக் கெடந்திருக்கலாம்லா? சொல்லுல!"

பையன் அப்பாவைப் பார்த்தான். அத்தான் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "சொல்லு. வீட்டுல சொல்லாம விட்டதையும் சொல்லு" என்றார். அப்படி ஒன்று இருக்கிறதென்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ, எனக்குத் தெரியாது. ஒளித்துவைக்கிறவனின் முகம் அவருக்குத் தெரியாதா.

"அவங்க நல்லாத்தான் இருந்தாங்க" என்றான் ஜெபசிங். அழுகையில் வார்த்தை இடறியது. "செடிக்குள்ள இருந்து கைய ஊனி எந்திரிச்சாங்க. முதுகு தெரிஞ்சுது. நான் பிரேக் போட்டேன், செடியில வண்டி வழுக்கிட்டு. ஏத்துனதும் சத்தம் போட்டாங்க. செடின்னு நெனச்சேன்னு வீட்டுல பொய் சொன்னேன். கண்ணாடியில பாத்தேன். பாத்துட்டுத்தான் நிக்காம வந்தேன்."

அவன் செய்ததிலேயே கேவலமான பகுதி அது. அதைக் கேட்டதும் அவனை அங்கேயே வெட்டிப்போடுவார்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது சங்கிலிப்பாண்டி புழுதியில் உட்கார்ந்திருந்தான்.

"ஏட்டி செல்வி," என்றான், "நான் ஏத்தலட்டி. எங்கம்மைய நான் ஏத்தலட்டி."

பாண்டிச்செல்வி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்து அவனைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுத அழுகையில் ஊர்க்காரர்கள் முழித்துக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. அன்றைக்கு அவன் ரோட்டில் டிராக்டரை மேலும் கீழுமாக ஓட்டிச் செடி அடித்துக்கொண்டிருந்தான். ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வரும்போது அம்மா நொறுங்கிக் கிடக்கிறாள். டிராக்டர் சத்தத்தில் வேறு வண்டி எதையும் கவனிக்காதவன், போகும்போது தானே ஏற்றிவிட்டோம் என்று நினைத்துவிட்டான். போலீஸ் கேட்டதற்கு ஏதோ வண்டி என்று சொன்னான். அவன் அம்மாவும் அதையே சொன்னாள். அவளும் முதுகுக்குப் பின்னால் இன்ஜின் சத்தத்தைத்தான் கேட்டாள், ஓட்டியவன் முகத்தைப் பார்க்கவில்லை. மகன் டிராக்டர்தான் என்று நம்பி, மகனைக் காப்பாற்றத்தான் ஏதோ வண்டி என்று சொன்னாளாம். ஆஸ்பத்திரியில் அவள் முகத்தைப் பார்க்க இவனுக்குத் தைரியமில்லை, தம்பி திருப்பதியைத்தான் கூட வைத்திருந்தான். எங்களை ஒரு வாரம் பேதியில் போட்ட அந்த வாட்ஸப் குரல், தன்மேல் யாரும் சந்தேகப்படக்கூடாது என்று பயந்தவன் போட்ட கூப்பாடு.

அழுது முடித்ததும் அவன் எங்களை மன்னித்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு, "நடங்க ஸ்டேஷனுக்கு" என்றான். நடந்தோம். ஜெபசிங் மேல் கேஸ் போட்டார்கள். ஜாமீன் கிடைத்தது. லைசென்ஸ் போயிற்று, கேஸ் இன்னும் நடக்கிறது. முன்கூட்டியே வக்கீலைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் இவ்வளவு இழுத்திருக்காது என்று இன்றைக்கும் அத்தானிடம் சண்டை போடுகிறேன். அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்பார்.

ஜாமீன் கிடைத்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்காவும் வந்தாள். முத்துமாரியம்மாள் இரண்டு காலிலும் கட்டோடு படுத்திருந்தாள். கட்டிலில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து சங்கிலிப்பாண்டி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த அம்மாள் அத்தானை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருக்கும் தெரியாதேய்யா. நானே பாக்கலியே. பொறவு ஏன் வந்தீரு? சாமிக்குப் பயந்தா?"

"எல்லாத்துக்கும் பயப்படுதவன்மா நான்" என்றார் அத்தான். "சாமிக்கு மட்டுந்தான் சரியாப் பயப்படல. பயந்திருந்தா அன்னைக்கே வந்திருப்பேன்."

அவள் ஜெபசிங்கைப் பக்கத்தில் வரச் சொன்னாள். அவன் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தான். அத்தான் விலகி வழிவிட்டார்.

"நான் போட்ட சத்தம் ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

"இனிமே நில்லுய்யா" என்றாள்.